நவமணி நடந்த ஈப்போ

நவமணிக்கு ஈப்போ நகரம் தெருத் தெருவாகத் தெரியும். ஆனால் 1983ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரை அவள் ஈப்போவைக் கண்ணால் பார்த்ததில்லை. மலையூரான தானா ராத்தாவுக்குக் கீழே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே பதினாறு வயதிலிருந்து கொழுந்து எடுத்தவள். அவள் கூடையில் முற்றிய இலை கிடந்தது என்று கங்காணி ஒரு நாளும் சொன்னதில்லை. நூற்றிருபது பேர் கொழுந்தெடுக்கும் மலையில் அது சும்மா வந்த பேரல்ல.

ஈப்போவை அவளுக்குக் காட்டியவை அண்ணன் இராமையாவின் கடிதங்கள். இராமையா அவளுக்கு ஏழு வயது மூத்தவர். 1971இல் மலையை விட்டிறங்கி, ஈப்போவில் பூங்காக்களில் புல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நடக்கக் கிளம்பிவிடுவார். வெள்ளைவெளேரென்று மாடமும் கோபுரமுமாக நிற்கும் ரயில் நிலையத்தில் தொடங்குவார். அங்கிருந்து வெள்ளைக்காரன் காலத்து மணிக்கூண்டு. மணிக்கூண்டிலிருந்து பழைய டவுனின் கடைத்தெரு. தெரு முடிகிற இடத்தில் கிந்தா ஆற்றுப் பாலம். பாலத்தைக் கடக்காமல் இடது பக்கம் இறங்கி, தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் ஆற்றோடு மேலே போவார்.

முதல் கடிதத்துக்கு அவள் எழுதிய பதிலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தூரம் தூரம் என்கிறாயே, எவ்வளவு தூரம் அண்ணே? மைல் கணக்கு அவளுக்குப் பிடிபடாது. அதனால் இராமையா காலடியை எண்ணத் தொடங்கினார். ரயில் நிலைய வாசலிலிருந்து மணிக்கூண்டுக்கு இத்தனை அடி, மணிக்கூண்டிலிருந்து கடைத்தெருவின் முதல் தூணுக்கு இத்தனை அடி என்று கடிதத்துக்கு ஒரு துண்டாக வழி நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரி முடியும்: "ஒரு நாள் நீ வா. இரண்டு பேரும் நடப்போம்." அவள் ஒவ்வொரு வருடமும் போகலாம் என்றுதான் இருந்தாள். முதலில் கைக்குழந்தை சீதா, பிறகு படுக்கையில் விழுந்த அம்மா.

அம்மா 1976 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை இறந்துபோனாள். ஈப்போவில் அண்ணனுக்குக் கடிதங்கள் வந்து சேரும் மளிகைக்கடைக்கு, கணக்கு எழுதும் கிராணி தோட்டத்து ஆபீசிலிருந்து போன் செய்து, ஒன்பது மணிக்கே சேதி சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். வரவில்லை. இரவு முழுவதும் காத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மகன் செய்ய வேண்டியதை மருமகன், நவமணியின் கணவன் கந்தசாமி செய்தான்.

இராமையா வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நவமணி எழுந்து வந்து நின்றாள்.

"வாங்க. கிந்தா ஆத்தங்கரைய எண்ணி முடிச்சிட்டீங்களா? அம்மாவ மூடிட்டோம்."

அண்ணனை அவள் 'வாங்க' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. இராமையா நேரே அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் போய்விட்டு வந்தார். அடுப்படிக்குள் போய்த் தண்ணீர் குடித்தார். சாயங்கால பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

கருமாதி முடிந்து பாத்திரங்களை அடுக்கும்போதுதான், சீனி டின்னுக்கு அடியில் மடித்து வைத்திருந்த தாள் அகப்பட்டது. வழியின் கடைசித் துண்டு. பாலத்திலிருந்து ஆற்றோடு மேலே ஆயிரத்து இருநூறு அடி, அங்கே பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் எதிரே இடப்பக்கம் சந்து, மூன்றாவது பலகை வீடு, நீலக் கதவு, அது என் வீடு என்று எழுதியிருந்தது. வழக்கமாகத் தேதி போடும் அண்ணன் இதில் போடவில்லை. கடைசி வரி மட்டும் மாறவில்லை. ஒரு நாள் நீ வா.

இரண்டு கடிதம் போட்டாள். கடை மூடிவிட்டதென்று இரண்டும் திரும்பி வந்தன. நேரில் போகலாம்தான். ஆனால் அந்த நீலக் கதவு தன் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டால் என்ன செய்வது என்ற நினைப்பே அவள் காலைக் கட்டியது.

அதற்குப் பதிலாக அவள் தோட்டத்திலேயே நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டபின், மூன்று மணிக்குக் கிளம்புவாள். தேயிலை ஆலையின் வெள்ளைச் சுவர் ரயில் நிலையம். கொழுந்து நிறுக்கும் கொட்டகை மணிக்கூண்டு. அங்கிருந்து இரண்டு மலைகளுக்கு நடுவே இறங்கும் பாதை கடைத்தெரு. ஓடையின் மரப்பாலம் கிந்தாப் பாலம். பிறகு ஓடையோடு மேலே, பெரணிப் புதர்களை ஒதுக்கிக்கொண்டு ஆயிரத்து இருநூறு அடி. அந்த இடத்தில் ஒரு பாறை இருந்தது. அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அங்கே தட்டுவதற்குக் கதவில்லை.

லயத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அடுத்த வீட்டுத் தங்கம்மா குழாயடியில் நின்று கேட்பாள்:

"என்னாடி, ஈப்போவுல இன்னிக்கு வெயிலா மழையா?"

"மழை லா. கடைத்தெருவுல ஒதுங்கி நின்னேன்."

"வர்றப்ப எனக்கு ஒரு சீலை எடுத்தாந்திருக்கலாம்ல?"

இப்படியே ஏழு வருடம் போனது. 1983 ஆகஸ்டில் சீதா பெரிய மனுசியானாள். பதினாறாம் நாள் சடங்கு. அதற்குத் தாய்மாமன் வேண்டும். பிள்ளை தனியே தங்கும் குச்சுக் குடிசை கட்டுவதும் மாமன்தான், மாலை போடுவதும் மாமன்தான். தென்னை விளையாத குளிர் மலையில் குச்சைப் பெரணி இலையில்தான் கட்டுவார்கள். சின்னம்மா மகன் முனியாண்டி பக்கத்து லயத்தில் இருக்கிறானே, அவனும் மாமன் முறைதானே என்று தங்கம்மா சொன்னாள். நவமணி முனியாண்டியை மூன்று பக்கம் கட்டச் சொன்னாள். நாலாவது பக்கத்துக்குக் கம்பளியைத் தொங்கவிட்டாள்.

"பிள்ளைக்குக் குளுரும்," என்றான் கந்தசாமி.

"ரெண்டு கம்பளி போடுறேன். அந்தப் பக்கம் எங்கண்ணன் கட்டணும்."

"ஒங்கண்ணன் எங்க இருக்காருன்னாச்சும் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். பாலத்துலேர்ந்து ஆயிரத்து இருநூறு அடி."

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ்ஸில் மலையிறங்கி, அடிவாரத்துத் தாப்பாவில் பஸ் மாறி, பத்தரைக்கெல்லாம் ஈப்போவில் நின்றாள். மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகிவிட்ட கடிதங்கள் மடியில் இருந்தன. விசாரித்து ரயில் நிலையத்துக்கு வந்து, வாசலில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, எண்ணத் தொடங்கினாள்.

மணிக்கூண்டு அண்ணன் எழுதிய கணக்கில் வரவில்லை. கணக்கு முடிந்த பிறகும் அது தள்ளியே நின்றது. கார்களுக்கு ஒதுங்கியதில் எண்ணிக்கை தவறியிருக்கும் என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். கடைத்தெருவிலும் அப்படித்தான். ஆனால் தூண்கள் கண்ணுக்கு எதிரே இருந்ததால் வழி தவறவில்லை. பாலத்தில் இடப்பக்கம் இறங்கினாள். ஆறு அவள் நினைத்திருந்ததைவிட அகலம், தண்ணீர் மண்நிறம். இங்கிருந்து கண்ணுக்குக் குறி எதுவும் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான். மனதுக்குள் உரக்க எண்ணினாள்.

ஆயிரத்து இருநூறாவது அடியில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. எதிரே சந்தும் இருந்தது. மூன்றாவது வீட்டில் கதவு பச்சை. மறு சாயம் அடித்திருக்கலாம் என்று தட்டினாள். ஒரு சீனத்துப் பாட்டி முளைவிட்ட பயறுக் கூடையோடு வந்தாள். நவமணி தனக்குத் தெரிந்த மலாயில் இராமையா என்ற தமிழர், புல் வெட்டுகிறவர் என்று கேட்டாள். பாட்டி இல்லையென்று தலையாட்டினாள். இருபது வருடமாக இங்கேதான் இருக்கிறேன், அப்படி யாரும் இருந்ததில்லை என்றாள். பக்கத்து வீட்டிலும் அதே பதில்.

இருந்ததே இல்லை என்ற சொல்தான் அவளை உட்காரவைத்தது. காலி செய்துவிட்டுப் போனார் என்றால்கூடத் தாங்கியிருப்பாள். பாலத்தடிக்குத் திரும்பி வந்து, கரையில் குந்தினாள். சீதாவிடம் என்ன சொல்வது? கம்பளி தொங்கும் அந்தப் பக்கத்தை முனியாண்டியிடம் எப்படிக் கட்டச் சொல்வது?

அப்போதுதான் ஈர மணலில் தன் காலடித் தடங்களைப் பார்த்தாள். ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டிக் கிடந்தன. தேயிலை நிரையில் யாரும் காலை நீட்டி வைக்கமாட்டார்கள். சரிவில், முதுகில் கூடையோடு, பின்கால் மண்ணைப் பிடித்த பிறகுதான் முன்கால் நகரும். பதினாறு வருடமாக அவளுக்கு அதுதான் நடை. அண்ணனோ நெட்டையான ஆள். சின்ன வயதில் தானா ராத்தாவுக்குச் சாமான் வாங்கப் போகும்போது, அவர் இரண்டு அடி வைத்தால் இவள் மூன்று அடி வைத்து ஓட வேண்டும். மெல்லப் போ அண்ணே என்று கத்துவாள். ஒரு நாளும் அவர் மெல்லப் போனதில்லை.

ஏழு வருடமாக அவள் நடந்தது, மூன்றில் ஒரு பங்கு குறைந்த ஈப்போ.

விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். ஆயிரத்து இருநூறுக்கு அவள் காலில் ஆயிரத்து எண்ணூறு. பாலத்தடியிலிருந்து மறுபடி தொடங்கினாள். பச்சைக் கதவுச் சந்தைத் தாண்டினாள். ஆயிரத்து எண்ணூற்று நாலாவது அடியில் மரம், எதிரே சந்து, மூன்றாவது வீட்டில் சாயம் வெளுத்த நீலக் கதவு. அதன் வாசலில் ஒருவர் புல் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. அவருக்கு அப்போது முப்பத்தொன்பது வயதுதான்.

பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"ஒன் கணக்கு தப்பு அண்ணே. ஆயிரத்து எண்ணூறு."

இராமையா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். "என் காலுக்குச் சரியாத்தான் இருந்துச்சு," என்றார்.

உள்ளே தனியாள் சமையல், ஒரு பாய், சுவரில் அம்மாவின் படம். தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். அவள் சீதாவின் சேதியைச் சொன்னாள். குச்சு மூன்று பக்கம் கட்டி, ஒரு பக்கம் திறந்து கிடப்பதைச் சொன்னாள். அவர் கோப்பையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவளே அந்த இடத்துக்கு வந்தாள்.

"அன்னிக்கு வாசல்ல வெச்சு அப்புடிச் சொன்னது..."

"பொய்யா சொன்ன? ஆத்தங்கரையிலதான் இருந்தேன்." கோப்பையைத் தரையில் வைத்தார். "ஒனக்குக் கடைசித் துண்ட எண்ணிக்கிட்டு இருந்தேன். தப்பு வரக்கூடாதுன்னு மூணு தரம் எண்ணினேன். பொழுது சாயுறப்பதான் கடைப்பக்கம் போனேன். கடைக்காரரு சேதி சொல்றாரு, பஸ்ஸெல்லாம் போயிருச்சு. நீ கேட்டப்ப என்னான்னு பதில் சொல்றது?"

நவமணி மடியிலிருந்த கடிதங்களைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கேட்டதால்தான் அவர் எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கொண்டிருந்ததால்தான் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அவளிடம் அதை ஏழு வருடம் சொல்லாமல் இருந்ததும் அதனால்தான் என்று இப்போது புரிந்தது.

"என்னைய மன்னிச்சிரு அண்ணே," என்றாள்.

அவர் கத்தியை எடுத்துக் கூரையில் செருகினார். "ரெண்டு மணி பஸ்ஸ விட்டா ஒனக்குத் தாப்பாவுல மலைக்கு பஸ் கெடைக்காது. வா, நடப்போம்."

ஆற்றோடு கீழ்நோக்கி நடந்தார்கள். அவள் பழக்கத்தில் எண்ணிக்கொண்டே வந்தாள். மரங்களிலிருந்து இலை உதிர்ந்து தண்ணீரில் போனது. பாலத்தடிக்கு வந்ததும் அவள் கேட்டாள்:

"இப்ப எவ்வளவு வந்துச்சு ஒனக்கு?"

"ஆயிரத்து எண்ணூறு," என்றார் இராமையா. "நீ சொன்னதுதான் சரி."

அப்போதுதான், வழி முழுவதும் தான் ஒரு முறைகூட ஓடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

பஸ் கிளம்பும்போது அவர் ஜன்னலோரம் வந்து நின்றார். சனிக்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னார். "பெரணி வெட்டி வெக்காத. நானே வெட்டிக்கிறேன்." அவள் தலையாட்டினாள். பஸ் திரும்பும்போது ரயில் நிலையத்தின் வெள்ளை மாடம் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. காலையில் அதன் வாசலில் நின்றவள், எண்ணுகிற அவசரத்தில் தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. மணிக்கூண்டையும் சரியாகப் பார்க்கவில்லை. ஆற்றில் கால் நனைக்கவில்லை. தாப்பா வரும் வரையில் அவள் அதையே நினைத்துக்கொண்டு போனாள்.