போகிக்குள் ஓடவேண்டிய மெஷின்

மார்கழியில் கல்யாண மண்டபத்துக்கு வேலை கிடையாது, பங்கஜவல்லிக்குத்தான் வேலை. ஒன்றிரண்டு நிக்காஹ் நடந்தாலும் அது உள்ளே ஹாலோடு முடிந்துவிடும். மழை குடித்து ஊறிக் கிடக்கும் பின்பக்கத்துப் புல்தரையில் யார் நாற்காலி போடுவார்கள்? தை பிறந்து முதல் முகூர்த்தம் வந்துவிட்டால் கதை வேறு. சாயங்கால ரிசப்ஷன் எல்லாமே அந்தப் புல்லில்தான். கோட்டுச்சேரி ரோட்டில் இத்தனை மண்டபம் இருக்க, இதைத் தேடி வருகிறவர்கள் அந்த ஒன்றரை மா, அரை ஏக்கர் பச்சைக்காகத்தான் வருகிறார்கள். நெல் நட்டால் பதினைந்து மூட்டை காணுமே என்று வரிச்சிக்குடியில் பிறந்தவளுக்கு ஆரம்பத்தில் மனசு அடித்துக்கொண்டது. இப்போது பழகிவிட்டது.

மண்டபத்துக்கு அவள் வந்து பன்னிரண்டு வருஷம். முதல் நாலு வருஷம் பந்தியில் எச்சில் இலை எடுத்தாள். ஒரு முகூர்த்தத்துக்கு எண்ணூறு இலை. சாம்பார் வாடை கையைவிட்டுப் போக இரண்டு நாள் ஆகும், அதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் தோட்டக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். புல்வெட்டும் மெஷினை இழுக்கத் தெரிந்த ஆள் இல்லை. மூன்று ஆண்கள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்து நின்றபோது, இலைக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள் பங்கஜவல்லி.

"தள்ளுங்க. பெட்ரோல் தொறந்து விட்டீங்களா? விடலையே."

ஒரே இழுப்பு. மெஷின் உறுமியது. புருஷன் சுப்ராயன் வயலில் ஆயில் இன்ஜின் ஓட்டிய காலத்தில், அவன் சாப்பிட வரும் நேரத்திலெல்லாம் இன்ஜினைப் பார்த்துக்கொண்டவள் அவள். அதன் இருமலையும் மூச்சிரைப்பையும் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லுவாள். அன்றிலிருந்து இலைக்கூடை வேறு ஆளிடம் போயிற்று. புல்லும் மெஷினும் அவளுடையவையாயின.

இந்த வருஷம் சிக்கல் மேனேஜர் சிவநாதன் ரூபத்தில் வந்தது. நல்ல பையன்தான். ஆனால் எதையும் 'கான்ட்ராக்ட்' என்று சொன்னால்தான் அவனுக்குத் திருப்தி.

"பங்கஜம் அக்கா, மொதலாளிகிட்ட பேசிட்டேன். மெஷின் பழசு. காரைக்கால்ல ஒரு கான்ட்ராக்ட்காரன் இருக்கான். அவன் ஆளுங்களே மெஷினோட வந்து வெட்டிட்டுப் போயிடுவாங்க."

"அப்ப நான்?"

"ஒங்களை விட்ருவோமா? பந்திப் பக்கம் ஆள் கொறைச்சலாத்தான் இருக்கு."

பங்கஜவல்லி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மெஷின் ஓடலைன்னா தானே தம்பி? ஓடினா?"

"ஓடட்டும், பாக்கலாம். போகியன்னைக்குப் பழைய இரும்புக்காரன் வரான். அதுக்குள்ள ஓட்டிக் காட்டுங்க. இல்லைன்னா அதையும் தூக்கிப் போட்ருவோம். போகிக்குப் பழசெல்லாம் கழியணுமில்ல?"

"ஓட்டிக் காட்டுறேன். அன்னைக்குக் கழிக்கிறதுக்கு வேற ஏதாவது பாத்து வச்சுக்குங்க."

வெறும் வாய்ச்சொல் இல்லை அது. மழைக்கு முன்னால் ஆயுதபூஜையன்றே மெஷினை முறையாகத்தான் ஓரங்கட்டியிருந்தாள். டாங்கில் சொட்டுப் பெட்ரோல் விடாமல் வடித்திருந்தாள். கடல் காற்று இரும்பைத் தின்னும் ஊர் என்பதால் அடியெல்லாம் எண்ணெய் தடவி, சாக்கு போர்த்தி வைத்திருந்தாள். ஆகவே மார்கழிப் பிற்பாதியில் சாக்கை உருவியபோது அவளுக்கு எந்தப் பயமும் இல்லை.

முதலில் கருக்கரிவாளோடு இறங்கி, முழங்கால் உயரக் கோரையை இரண்டு நாளில் அறுத்துத் தள்ளினாள். பிறகு மெஷினைச் சாய்த்துப் படுக்க வைத்து, அடியில் அப்பியிருந்த பழைய புல்லைத் தேங்காய் ஓட்டால் சுரண்டினாள். பிளேடைக் கழற்றி, அரத்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டி, நடு ஓட்டையில் ஒரு ஆணியைக் கொடுத்துத் தொங்கவிட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கத்தை இன்னும் நாலு இழுப்பு இழுத்தாள். கருப்பாய்ப் போன ஆயிலை மாற்றினாள். ஏர் ஃபில்டரைச் சோப்புத்தூளில் அலசி, பிழிந்து, கொடியில் தன் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் காயப்போட்டாள்.

"தங்கச்சி, அதுக்கும் கஞ்சி போட்டியா?" என்றார் வாட்ச்மேன் நூகு பாய், கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடி.

"ஒங்க லுங்கிக்குப் போட்டப்பறம் மிச்சமில்லை பாய்."

போகிக்கு நாலு நாள் இருக்கையில் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. சிவநாதனே மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு மூன்று வரிசை போனாள். நாலாவது வரிசையின் பாதியில் மெஷின் திணறியது, இருமியது, நின்றுவிட்டது.

கயிற்றை இழுத்தாள். ஊஹூம். கொஞ்ச நேரம் விட்டு இழுத்தாள். ஓடியது. மறுபடி மூன்று வரிசை, மறுபடி மூச்சு நின்றது.

மாடி ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை.

கிளிஞ்சல்மேட்டில் படகு இன்ஜின் பார்க்கும் அஜ்மீருக்கு போன் போட்டாள். "கார்பரேட்டர்ல அழுக்கு இருக்கும்க்கா, கழட்டி ஊதுங்க" என்றான். கழற்றி ஊதினாள். கண்ணாடி மாதிரி இருந்தது. பிளக்கை மாற்றினாள். பெட்ரோல் குழாயை மாற்றினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே மூன்று வரிசைதான்.

"வயசாயிடுச்சுன்னா அப்படித்தான் தங்கச்சி," என்றார் நூகு பாய். "நானும் கேட்டுலேர்ந்து மண்டபம் வரைக்கும் நடந்தா நின்னுட்டுத்தான் போறேன்."

"ஒங்களைப் பழைய இரும்புக்காரன் எடுக்க மாட்டான் பாய். சும்மா இருங்க."

கேலி பேசினாலும் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சாம்பார் வாடை மூக்கில் ஏறியது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும் முன்பே பின்னால் கூடையோடு நிற்கவேண்டும். எட்டு வருஷமாக இன்ஜின் கைப்பிடி பிடித்த கை அது. இல்லை, முடியாது என்று சொல்லிக்கொண்டாள். மெஷினில் கோளாறு இல்லை. கோளாறு இருந்தால் கிளம்பவே கிளம்பாது. ஓடுகிறது, பிறகு நிற்கிறது. ஓடும்போது ஏதோ ஒன்று தீர்ந்துபோகிறது. எது?

போகியன்று காலை பழைய இரும்புக்காரனின் லோடு வண்டி கேட்டுக்குள் வந்துவிட்டது. உடைந்த நாற்காலிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பங்கஜவல்லி அவசரப்படவில்லை. மெஷினை ஓட்டினாள். மூன்று வரிசையில் நின்றது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டாங்க் மூடியைத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ் என்று காற்றை உறிஞ்சிக்கொண்டது டாங்க்.

கை அப்படியே நின்றது. மூடியைத் திறந்தபடியே விட்டு, கயிற்றை இழுத்தாள். உடனே பிடித்துக்கொண்டது. அவளுக்குச் சமையல்கட்டின் எண்ணெய் டின் ஞாபகம் வந்தது. டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் ஊற்றாது. காற்று போக இன்னொரு ஓட்டை வேண்டும். பரிசாரகனிலிருந்து பச்சைப்பிள்ளை வரை தெரிந்த விஷயம்.

இந்த மூடிக்கும் அந்த இன்னொரு ஓட்டை உண்டு. நடுவில், ஊசி நுழைகிற அளவு. மூடியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். துளை இருந்த இடத்தில் வட்டமாய், கெட்டியாய், காய்ந்து பாறையாய் ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

வைத்தது வேறு யாருமில்லை. ஆயுதபூஜையன்று அவளேதான் வைத்தாள். மெஷினுக்கு நெற்றி எது என்று யோசித்து, உருண்டையாய் மேலே இருக்கிற மூடிதான் என்று முடிவு செய்து, கட்டைவிரலால் அழுத்தி அப்பினாள். மெஷின் முழுவதையும் பத்து தடவை துடைத்தவள் அதைமட்டும் தொடவில்லை. பூஜையில் வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா? சுப்ராயன் செத்தபோது அவள் பொட்டை அழிக்க வந்த நாத்தனாரிடமே "அது இருக்கட்டும் அண்ணி" என்று சொன்னவள் அவள்.

புடவைத் தலைப்பிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். பொட்டின் நடுவில் மட்டும் குத்தித் திருகினாள். பொடி உதிர்ந்தது. வாயால் ஊதினாள். மறுபக்கம் காற்று வந்தது.

அதற்குள் இரும்புக்கார ஆள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "இதானுங்களா மெஷின்? தூக்கிரலாமா?"

"தூக்கு, ஓடுற மெஷினைத் தூக்கு பாப்போம்" என்றபடி அவள் கயிற்றை இழுத்தாள்.

மூன்று வரிசை போனது. நாலாவதும் போனது. பத்தாவது வரிசையில் சிவநாதன் படியிறங்கி வந்து நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. நேர்க்கோட்டில் போய், திரும்பி, நேர்க்கோட்டில் வந்தாள். ஒன்றரை மாவும் முடிந்த பிறகே நிறுத்தினாள்.

"என்னக்கா கோளாறு?"

"என் கோளாறுதான் தம்பி. ஆயுதபூஜைக்கு நான் வச்ச பொட்டு மூச்சை அடைச்சிருச்சு." மூடியைக் காட்டினாள். சிவந்த வட்டத்தின் நடுவே ஊக்குமுனை அளவு கருப்புப் புள்ளி.

நூகு பாய் நாற்காலியிலேயே குலுங்கினார். "அட அல்லா! கும்பிட்டே கொன்னிருக்கே தங்கச்சி!"

"சாகலையே பாய். அடுத்த வருஷம் கைப்பிடியில வைக்கிறேன்."

சிவநாதன் வெட்டிய புல்லைக் காலால் தடவிப் பார்த்தான். புடவை ஓரம் சிக்காத அளவுக்கு, ஒரே மட்டமாக இருந்தது. "சரி. கான்ட்ராக்ட்காரனுக்கு இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லிடுறேன்."

"இந்த வருஷம் மட்டுமில்லை தம்பி. ஒரு புது பிளேடும் வாங்கிக் குடுத்துடுங்க."

"மெஷின் நல்லாருக்குன்னீங்களே?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. பல்லு தேஞ்சிருக்கு."

சொல்லிவிட்டு, லோடு வண்டிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். பந்திக் கொட்டகையின் மூலையில் கைப்பிடி போன பழைய இலைக்கூடை ஒன்று கிடந்தது. தகரக்கூடை. இரும்போடு இரும்பாய் அதையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள்.