பால் குடிக்காமல் வந்த வீடு

அப்பாவைப் பற்றி எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டபோது எனக்கு அலுப்புத்தான் வந்தது. இந்த ஓராண்டில் அழுது, பேசி, எல்லாரும் ஓய்ந்துபோய்விட்டோம். இருந்தாலும் மூத்த மகள் நான். புண்ணியவான், உத்தமர் என்று அடுக்க எனக்குத் தெம்பில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

முத்தாபுதுப்பேட்டையில், கழனி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. சிறு வயதிலேயே தாத்தா தவறிவிட்டதால், தம்பியான எங்கள் சித்தப்பாவை வளர்த்து ஆளாக்கியவரும் அவரே. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கட்டட மேற்பார்வை பார்த்துவிட்டு, எண்பதுகளில் வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிடும் வேலைக்கு வந்தார். பூந்தமல்லி வரைக்கும் பழைய ஸ்கூட்டரில் அலைவார். கிணற்றை எட்டிப் பார்ப்பார், பக்கத்து வீட்டுக்காரரிடம் மழைக்காலத்தைப் பற்றி விசாரிப்பார். அறிக்கை கொடுத்து முடியும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். காபி குடித்துவிட்டால் மனசு இளகிவிடுமாம்!

தொண்ணூறுகளில் வங்கிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தெருப் பெயரைத் தட்டினால் போதும், விலை வந்துவிடும். அப்போதுதான் சித்தப்பா சேக்காட்டில் ஒரு வீட்டை வாங்கக் கடன் கேட்டிருந்தார். தம்பி வீட்டைப் பார்க்க வேறு ஆளை அனுப்புகிறேன் என்று மேனேஜர் சொல்லியும் அப்பா கேட்கவில்லை, தாமே போனார். தெருவின் மேட்டுப் பக்கம் நல்ல வீடுகள். சித்தப்பா பார்த்த வீடோ ஏரிப் பக்கம், பள்ளத்தில் இருந்தது. அதன் சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு. தண்ணீர் நின்ற கறையை மறைத்திருக்கிறார்கள் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. விலையைக் குறைத்து, கடன் தரவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

"சார், முழுத் தெருவுக்கும் கம்ப்யூட்டர் ஒரே விலைதான் காட்டுது. நீங்க மட்டும் கொறச்சா ஹெட் ஆபீஸுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் மேனேஜர்.

"கம்ப்யூட்டரு மழையில போய் நின்னு பாத்துச்சா சார்?" என்றார் அப்பா. அவர் அறிக்கை ஓரமாகப் போனது. கடன் கிடைத்துவிட்டது.

சித்தப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார். "மெஷினே குடுன்னுது, கூடப் பொறந்தவன் குடுக்காதன்றான். இன்னாண்ணா இது? நான் ஊடு வாங்கனா உனுக்கு வயித்தெரிச்சலா?"

அப்படியும் அப்பா கிரகப்பிரவேசத்துக்குப் போனார். சித்தி பால் டம்ளரை நீட்டியபோது, "வேணாம்மா, எனக்கு இந்த வீட்டுக் கணக்கு இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நல்ல நாளும் அதுவுமாக, சொந்தத் தம்பி வீட்டில்! என்ன பிடிவாதமோ. அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. மழைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீட்டுக்குள் வரவில்லை என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பொறாமை பிடித்த அண்ணன் என்று அப்பாவுக்குப் பெயரானது. வங்கி வேலையும் குறைந்தது. மழை பிடித்தால் அப்பா ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார்.

காமாலை முற்றி அப்பா படுத்துவிட்ட பிறகுதான் சித்தப்பாவும் சித்தியும் காபி பிளாஸ்க்கோடு வந்தார்கள். அப்பா கேட்டது ஒன்றுதான். "தண்ணி வந்துச்சாடா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "வந்துச்சுண்ணா. ரெண்டு பெரிய மழைக்கும் வந்துச்சு. கட்டில் மேல குந்திக்கினு இருந்தோம். உன்கைல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?"

நான் அப்போதே சொன்னேனே என்பார் என்று நினைத்தேன். அப்பாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "பசங்கள இட்டுக்கினு நம்ம ஊட்டுக்கு வந்திருக்கலாமேடா. அன்னிக்கு அந்தப் பால நான் குடிச்சிருந்தா வந்திருப்ப, இல்ல?"

சித்தப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா கை நீட்டிக் காபியை வாங்கி இரண்டு வாய் குடித்தார். அந்த வாரமே போய்விட்டார்.

அப்பாவின் கடைசி நாட்களில் உடனிருந்த மருத்துவருக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. இந்த முதலாண்டுத் திதியைத் தம் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக் காலில் நின்றார். சேக்காடு வரை வந்த நீங்கள் திரும்பும்போது மழை பிடித்தால் மேட்டுப் பக்கமாகவே போங்கள். காபி குடிக்காமல் மட்டும் யாரும் கிளம்பிவிட வேண்டாம் என்று சித்தப்பா எழுதச் சொன்னார்.