வாய் திறக்காமல் நிரம்பிய ஷேர் ஆட்டோ

போன வருஷம் ஆடி மாசம். தள்ளுபடி விற்பனைக்காக ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு அம்பத்தூர் முழுக்கக் கத்துவதுதான் என் பிழைப்பு. சரியாக சீசன் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு என்று ஒரு நாட்டு மருந்துக் கடையையே விழுங்கியும் பலனில்லை. "வாங்கம்மா வாங்க" என்றால், தவளை தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பது போலிருந்தது.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாண் மேல் மரு மாதிரி வளர்ந்திருக்கிறதாம். அபூர்வமாக ஒரு வைரஸால் வருவதாம். 'அபூர்வம்' என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. "எடுத்துடலாம். ஆனா மறுபடி வளரலாம். பழைய குரல் வரும்னு உறுதியா சொல்ல முடியாது" என்றதும் பெருமை இறங்கிவிட்டது. குரல் போனால் என்னிடம் மிச்சம் தொப்பைதான்.

பயத்தை மறைக்க, வெளியே காத்திருந்தவர்களிடம் ஜோக்கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் உதட்டில் விரல் வைத்தாள். பேச்சு வெறும் காற்றாக வந்தது. "சும்மா இரு அண்ணாத்தே. கீற கொரலையும் கத்தியே காலி பண்ணிடாத."

அவளுக்கும் அதே நோய், சின்ன வயசிலிருந்தே. எடுக்க எடுக்க வளருமாம். எத்தனை ஆபரேஷன் என்று கேட்டேன். "எண்றதையே உட்டுட்டேன்" என்று சத்தமில்லாமல் சிரித்தாள். பூந்தமல்லி–ஆவடி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாளாம். கூவாமல் எப்படி ஆள் ஏறும்? "வந்து பாரு" என்றாள்.

எனக்கு ஆபரேஷன் ஆனது. அப்புறம் கட்டாய மௌனம். "இப்பதான் ஊடு ஊடா கீது" என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். ஒருவழியாகக் குரல் வந்தது, கரகரப்போடு. முதல் வேலையாகப் பூந்தமல்லிக்கு ஓடினேன். பாவம், அவளுக்காக நாலு குரல் கொடுத்துவிட்டு வரலாமே என்று தர்ம சிந்தனை!

மற்ற டிரைவர்கள் "ஆவடி, ஆவடி" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவள் வளையலால் ஆட்டோ கம்பியில் 'டிங் டிங்' என்று தட்டினாள். கையை நேரே நீட்டினால் ஆவடி, மடக்கினால் வழியிலிருக்கும் பருத்திப்பட்டு. பிறகு இரண்டு விரல்: இரண்டு இடம் பாக்கி. அந்தச் சத்தம் கேட்டு ஒரு பூக்கார அம்மா மற்ற வண்டிகளைத் தாண்டி வந்து ஏறினார். நான் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் வண்டி நிரம்பிவிட்டது. எனக்கே இடமில்லை!

"இன்னா அண்ணாத்தே, கொரல் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"பத்திரமா வெச்சிக்க." கியரைப் போட்டுப் பறந்துவிட்டாள்.

மரு திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க இன்னும் நான் டாக்டரிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அவர் குழாயைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த 'டிங் டிங்'கை நினைத்துக்கொண்டு தைரியமாக வாயைத் திறப்பேன்.