வால்தம்ஸ்டோவில் நிரந்தர வதிவிடம் கிடைக்கிறதாம்

வழக்கமாக இந்தப் பயணப் பக்கத்தில் கடற்கரை, மலை, மலிவான ஹோட்டல் என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை போனது லண்டனுக்குள்ளேயே, எங்கள் வீடு இருக்கும் குட்மேய்ஸிலிருந்து வால்தம்ஸ்டோவுக்கு. முழுப் பயணமும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆறு மாத விசாவில் இங்கிலாந்துத் தோட்டங்களுக்குப் பழம் பிடுங்க வந்தவர்களும், வர இருப்பவர்களும், அவர்களை வீட்டில் தங்கவைக்கும் சொந்தக்காரர்களும் ஒருநாள் இந்தப் பக்கம் அலைய வேண்டி வரலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன காரணம் தர்சினி. என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்காவின் மகள். ஊர் இலங்கையில் பரந்தன். கெண்ட் மாவட்டத்தில் ஸ்ட்ரோபெரித் தோட்ட வேலை முடிந்து, வியாழக்கிழமை விமானம் ஏறுவதற்கு முன் எங்களோடு சில நாள் நிற்க வந்திருந்தாள். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்:

"சித்தப்பா, நான் வியாழக்கிழமை போகேல்லை. இஞ்ச பிஆர் எடுக்க ஒரு வழி கிடைச்சிருக்கு."

வழி காட்டியவர் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் ஒரு முகவர். வால்தம்ஸ்டோவில் ரோல்ஸ் சுற்றிப் பொரித்து விற்கும் சமையல்கூடம் ஒன்று அவளுக்கு வேலை விசாவுக்கு ஸ்பொன்சர் கொடுக்குமாம். ஐந்து வருடம் அங்கே வேலை, பிறகு நிரந்தர வதிவிடம். கடதாசி வரும்வரை, விசா முடிந்தாலும் சத்தம் போடாமல் இருந்தால் போதுமாம். அந்த இடத்தில் எனக்கு மூக்கு வியர்த்தது. பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். ஏற்கெனவே அவரிடம் கொடுத்துவிட்டாளாம்.

"முன்பின் தெரியாத ஆளிட்டயோ குடுத்தனீ?"

"தெரியாத ஆளில்லை சித்தப்பா. ஊரைக் கேட்டார், அப்பான்ர பேரைக் கேட்டார். அப்பாக்கு மச்சான் முறையாம். எனக்கு மாமா."

தர்சினியின் அப்பா இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் கேட்டுப் பார்க்க முடியாது. அந்த மனிதர் அவளுக்கு மாமா என்றால் எனக்கு மச்சான். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒரு மச்சான் இருப்பதை மனைவி ஏன் எனக்குச் சொல்லவில்லை? அவளையே ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தேன். அவளுக்கும் அப்படி ஒருவரைத் தெரியவில்லை. நம் ஆட்கள் பாங்கில் போய் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். ஆனால் முறை சொல்லி ஒருவர் அழைத்துவிட்டால் அதோடு வாயடைத்துவிடும். சொந்தக்காரனிடம் அத்தாட்சி கேட்பது மரியாதைக் குறைவு. அந்த மனிதருக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது.

திங்கள் காலை ஒன்பதரைக்குப் பிறகு புறப்பட்டோம், அப்போதுதான் ரயில் கட்டணம் குறைவு. குட்மேய்ஸிலிருந்து எலிசபெத் லைனில் நான்காவது நிறுத்தம் ஃபாரஸ்ட் கேட். அங்கே இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் வான்ஸ்டெட் பார்க் ஸ்டேஷன், அதிலிருந்து ஓவர்கிரவுண்ட் ரயிலில் மூன்றாவது நிறுத்தம் வால்தம்ஸ்டோ குவீன்ஸ் ரோட். ஒரு ஸ்டேஷனிலிருந்து மற்றதற்கு நடக்கும் வழியில் முகவரின் அலுவலகத்தைத் தர்சினி காட்டினாள். ஒரு கடைக்கு மேல் மாடி, திரை இழுத்து மூடியிருந்தது. முதலில் ரோல்ஸ் கூடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்போம் என்றேன். இருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இருந்தது. தெருமுனைக்கு வரும்போதே எண்ணெய் மணம். உள்ளே நாலைந்து பெண்கள் மளமளவென்று ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடத்துகிற அம்மா ஜெர்மனியிலிருந்து இங்கே வந்து குடியேறியவர். வாசலிலேயே சுடச்சுட ஆளுக்கொரு மட்டன் ரோல்ஸ் தந்தார். எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன். நல்ல ருசி.

"ஸ்பொன்சர் லைசன்ஸ் இருக்கோ?" என்று நேரடியாகவே கேட்டேன்.

"ஓம், இருக்கு. முந்தி ஒரு குக்கை எடுத்தனான். இப்ப ரோல்ஸ் சுத்துற வேலைக்கு வெளிநாட்டில இருந்து ஆளெடுக்கேலாது. சட்டத்தை மாத்திப்போட்டாங்கள். அதோட, தோட்ட விசாவில வந்தவையை இஞ்ச வச்சு விசா மாத்தவும் ஏலாது. உங்களை ஆர் அனுப்பினது?"

தர்சினி முகவரின் பேரைச் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் மாறியது.

"அந்தாளோ? விசா முடிஞ்ச பிள்ளைகள் இருக்கு, கையில காசைக் குடுத்து வேலைக்கு வச்சிருங்கோ, ஒருத்தரிட்டயும் போய்ச் சொல்லமாட்டினம் எண்டு போன் எடுத்தவர். நான் ஏசிப்போட்டு வச்சிட்டன். பிள்ளை, பாஸ்போர்ட்டைக் கிஸ்போர்ட்டைக் குடுத்துப்போடாதையும்."

தர்சினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த ரோல்ஸ் பாதியில் நின்றது. வியாழக்கிழமை விமானத்தை விட்டால் அவள் விசா இல்லாமல் நிற்பவள் ஆகிவிடுவாள். அடுத்த பருவத்துக்குத் தோட்டம் கூப்பிட்டாலும் வர முடியாது. இந்த நாட்டுக் கதவே பல வருடத்துக்கு மூடிவிடலாம். அதுவும் பாஸ்போர்ட் கையில் இருந்தால் தானே விமானம்.

திரும்பி வரும் ரயிலில், முகவரிடம் எப்படிச் சத்தம் போடுவது, போலீஸ் என்று எப்போது சொல்வது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. ஃபாரஸ்ட் கேட்டில் இறங்கி அவருடைய மாடிக்கு ஏறி, சித்தப்பா என்று தர்சினி என்னைக் காட்டியதும் அவர், "வாங்கோ மச்சான்" என்று எனக்குக் கதிரை போட்டார். பாஸ்போர்ட்டைக் கேட்டேன். "அது லோயரிட்டப் போட்டுது, இப்ப எடுக்கேலாது" என்றார்.

தர்சினி போனை எடுத்து வீடியோ அழைப்பில் அம்மாவைப் பிடித்தாள். "அம்மா, இவர்தான் அப்பான்ர மச்சான். கதையுங்கோ" என்று போனை அவர் கையில் கொடுத்தாள்.

"என்ர மனுசனுக்கு மச்சான் எண்டால் எனக்கு அண்ணையெல்லோ!" என்று அந்தப் பக்கத்தில் ஒரே சந்தோசம். "ஆற்றை மோன் நீங்கள், அப்பா ஆர்? பரந்தனில குமரபுரமோ, சந்திப் பக்கமோ? அம்மான்ர பேர் என்ன? மனுசன்ர செத்தவீட்டுக்கு வந்தனீங்களோ?"

"லைன் கிளியர் இல்லை, தங்கச்சி" என்றார் அவர்.

"எனக்கு நல்லாக் கேக்குது. ஆற்றை மோன்?"

லோயரிடம் போயிருந்த பாஸ்போர்ட் அவர் இழுத்துத் திறந்த மேசை லாச்சியிலிருந்து வந்தது. அவரே போனைத் திருப்பிக் கொடுத்தார். படியிறங்கும்வரை தர்சினியின் அம்மா கேள்வியை நிறுத்தவில்லை. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

இதே யோசனையில் இருக்கிறவர்களுக்குச் சில விசயம். பருவகாலத் தோட்ட விசா ஆறு மாதம்தான். அதை இங்கே நின்றபடி வேறு வேலை விசாவாக மாற்ற முடியாது. எத்தனை பருவம் வந்தாலும் அந்தக் காலம் நிரந்தர வதிவிடத்துக்குக் கணக்கில் சேராது. திறன்சார் வேலை விசாவில் வந்தால் வழி உண்டு. ஆனால் சமையல்கூட வேலைகள் பெரும்பாலும் அந்த விசாவுக்குத் தகுதியான வேலைகளின் பட்டியலை விட்டுப் போய்விட்டன. ஐந்து வருடம் என்ற காத்திருப்பையும் நீட்டப்போவதாக அரசாங்கம் சொல்கிறது. ஸ்பொன்சர் லைசன்ஸ் உள்ளவர்களின் பட்டியலும், பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகர்களின் பட்டியலும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் வேலை கிடைக்காது என்பதை வால்தம்ஸ்டோவில் பார்த்தோம், ஆகவே நேரே போய்க் கேளுங்கள். பாஸ்போர்ட்டை யார் வாங்கி வைத்தாலும், சொந்த மாமாவாகவே இருந்தாலும், அன்றைக்கே திருப்பி வாங்குங்கள். விதிகள் அடிக்கடி மாறும். நான் எழுதியதையும் நம்பாதீர்கள், அரசாங்கத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

விமானம் ஏறுவதற்கு முதல்நாள் இதைத் தர்சினிக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் சரி என்றாள். அந்த மனிதர் சொன்னதை முதலிலேயே நீ சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று, வாய் சும்மா இராமல், நான் சொல்லிவிட்டேன். அவள் சூட்கேசின் சிப்பை இழுத்து மூடினாள்.

"சந்தேகப்பட உங்களுக்கு நேரமிருக்கு, சித்தப்பா. எனக்கு ஆறு மாசம்தானே தந்தவங்கள்."