மேடையில் அவசரப்படும் பாடகி

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை என்பதால் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ‘பல்செட் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, முகமறியாத வாய்களுக்குப் பல் வரிசை அமைப்பாள். நாள் முழுக்க அரைக்கும் மிஷினின் கிறீச்சலைக் கேட்டுவிட்டு வீடு வந்தால் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் அது தெரியும். நேராகத் தன் அறைக்குப் போய், பழைய சாமான் கடையில் வாங்கிய ரெக்கார்டு பிளேயரில் தனக்குப் பிடித்த பாடகியின் இசைத்தட்டு ஒன்றை வைப்பாள். கனத்த குரல். ஒவ்வொரு சொல்லையும் கீழே வைக்க மனமில்லாமல் வைப்பது போன்ற நிதானம். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் பசியே எடுக்கும்.

போனில் பாட்டுக் கேட்பது அவளுக்கு ஆகாது. டப்பாவுக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும் என்பாள். அதனால் அந்தப் பாடகியின் ஆல்பம் ஒவ்வொன்றையும் தட்டாகவே தேடிப் பிடித்து வாங்கியிருந்தாள்.

இந்த வருஷம்தான் பாடகி முதல் முறையாக அவர்கள் நகரத்துக்கு வந்தாள். ரசிகர் குழுவில் பழக்கமான ஒருவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். கூரியர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். பாடகியைப் பற்றி எதைக் கேட்டாலும் நாக்கு நுனியில் வைத்திருப்பார் என்பதால் குழுவில் அவருக்குத் ‘தகவல்’ என்று பெயர்.

முதல் பாட்டிலேயே அவளுக்கு நெருடியது. பாட்டு அதேதான், வரிகளும் அவைதான். ஆனால் பாடகி யாரோ துரத்துவது போல ஓடினாள். குரலும் மெலிந்து, யாரோ சின்னப் பெண்ணுடையது போல இருந்தது. பக்கத்தில் தகவல் கண்ணை மூடிச் சொக்கிப்போயிருந்தார்.

“அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று அவர் காதருகே கேட்டாள்.

“யாருக்கு?”

“பாடுறவங்களுக்குத்தான்.”

“நீங்க சாப்பிட்டு வந்தீங்களா இல்லையா? பேசாம கேளுங்க.”

சில மாதம் கழித்துத் திறந்தவெளி மைதானத்தில் இன்னொரு கச்சேரி. அன்றைக்கும் அதே ஓட்டம். ஜலதோஷம் மாதக் கணக்கில் இருக்குமா? முதல் கச்சேரியில் அரங்கத்தைச் சீக்கிரம் காலி செய்யச் சொல்லியிருந்தாலும் மைதானத்தில் என்ன அவசரம்? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாசலில் விற்ற புது ஆல்பத்தை வாங்கிக்கொண்டு வீடு வந்தாள். ஊசியை வைத்ததும் அதே கனத்த குரல், அதே நிதானம். அப்பாடா என்றிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். “ஸ்டுடியோவுல நல்லாத்தான் பாடுறாங்க, மேடையிலதான் கெடுக்கிறாங்க. அடுத்த கச்சேரிக்கு என் டிக்கெட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க” என்று தகவலுக்குப் போன் செய்தாள். பெற்ற பிள்ளையைத் திட்டியது போல அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“போட்டுக் காட்டுங்க, பாப்போம்.”

அவள் புதுத் தட்டை வைத்தாள். அவர் முகம் மெல்ல மாறியது.

“என்னங்க இது. மயக்க மருந்து குடுத்துப் பாட வச்ச மாதிரி இருக்கு.”

தன் போனில் அதே பாட்டை எடுத்து, தட்டு ஆரம்பிக்கும்போது கூடவே ஓடவிட்டார். போன் முந்திக்கொண்டது. அது சரணத்தை முடித்தபோது தட்டு சரணத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“மிஷின் மெதுவா சுத்துது. எப்பலேர்ந்து இப்படி?”

“வாங்கினதுலேர்ந்தே இப்படித்தான்.”

“அப்ப கச்சேரியிலதான் நீங்க அவங்க குரலையே மொதமொத கேட்டிருக்கீங்க” என்றார். நோகடிக்கச் சொல்லவில்லை. வழக்கம்போல ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

பெட்டியின் பின்பக்கத் துளைக்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தது. அவருக்குக் கைவாகு போதவில்லை. அவளே தன் மெல்லிய திருப்புளியை எடுத்து வந்து, அவர் சொல்லச் சொல்லத் திருப்பினாள். குரல் உயர்ந்தது, இளைத்தது, கடைசியில் போனோடு சேர்ந்து நடந்தது. மேடையில் நின்ற அதே சின்னப் பெண் இப்போது அவள் அறைக்குள் வந்து பாடினாள்.

சமையலறையிலிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். “அண்ணி, இது யாரு? நம்ம ஆளு எங்க?”

“இதான்மா உங்க ஆளு” என்றார் தகவல், வெற்றிக் களிப்போடு. “டிக்கெட்டு உங்களுக்கே இருக்கட்டும்” என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் அவள் திருகைப் பழையபடி திருப்பினாள். குரல் இறங்கியது, ஆனால் அந்தக் குரலாக இல்லை. இன்னும் திருப்பினாள். தம்பி மனைவி ஈரக்கையோடு வாசற்படியில் நின்று கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம் அண்ணி. ஐயோ, இப்ப ஆம்பள மாதிரி இருக்கு. கொஞ்சம் ஏத்துங்க.”

“இப்ப?”

“இது யாரோ அழுதுட்டு வந்து பாடுற மாதிரி இருக்கு.”

சரியான வேகத்தை ஒத்துப் பார்க்கப் போன் இருந்தது. தப்பான வேகத்தை எதோடு ஒத்துப் பார்ப்பது? வேலையிடத்தில் பல்லின் நிறம் பார்க்கும்போது ஒரேயடியாக உற்றுப் பார்த்தால் எல்லா வெள்ளையும் ஒன்றாகிவிடும். காதுக்கும் அப்படித்தான் ஆனது. எது தன் பாடகி, எது மேடைக்காரி, எது இரண்டுமில்லாத யாரோ என்று அவளுக்குப் புரியவில்லை. வேலைவிட்டு வந்து இனி யாரைக் கேட்டால் தனக்குப் பசிக்கும் என்றும் தெரியவில்லை.

“இதான் அண்ணி. விட்டுடுங்க” என்றாள் தம்பி மனைவி ஓரிடத்தில்.

“நிஜமா?”

“அப்படித்தான் தோணுது. நீங்க திருப்பித் திருப்பிக் கேட்டா எனக்கே குழம்புது.”

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

“அடுத்த கச்சேரிக்கு நீயும் வர்றியா? அவர்கிட்ட இன்னொரு டிக்கெட் கேக்கறேன்.”

“நான் எதுக்கு அண்ணி?”

“யாரு பாடுறாங்கன்னு நீ கேட்டுச் சொல்லு.”