ஆலப்புழைப் படகில் வந்த பொறாமை

ஐரோலியில் தனிக்குடித்தனம் இருக்கும் என் கொழுந்தன் மனைவி ஸ்டெல்லா, கோவா, மூணாறு, கன்னியாகுமரி என்று போகும் இடமெல்லாம் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவாள். நான் தாராவி வீட்டில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் எங்கள் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அதைப் பார்ப்பேன். வயிறு எரியும். அவளும் இந்த வீட்டு மருமகள்தானே?

ஒருநாள் தாங்காமல் போனில் கேட்டுவிட்டேன். "ஊர் சுத்த நீ, பீ மூத்திரம் அள்ள நானா?"

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். பெட்டியோடு வந்து நின்றாள்.

"அத்தான்கூட ஆலப்புழைக்குப் போயிட்டு வாங்கக்கா. அத்தைய நான் பாத்துக்கிடுதேன்."

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம் அதுதான். படகு வீட்டில் உட்கார்ந்து, கரிமீன் வறுவல் தின்றபடி, இரு கரையிலும் நகரும் தென்னைகளைப் பார்த்தோம். ஸ்டெல்லாவுக்குக் காட்டவேண்டும் என்றே வீடியோ கால் போட்டேன்.

அவள் அத்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கோணிய வாயோடு அத்தை கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

"அத்த, அக்கா பேசுதாங்க பாருங்க."

"பொறவு பேசுதேன்" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போனை வைத்தேன். கரிமீன் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"என்னட்டீ, மூஞ்சி வாடிப்போச்சு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. நாளைக்கே கெளம்பிருவமா?"

ஸ்டெல்லாவின் கடலையும் மலையையும் பார்த்து நான் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அத்தையை என் பாரம் என்றே நினைத்திருந்தேன். அவர் எனக்கு மட்டும் வேண்டும் என்று அந்தக் காயலின் நடுவில்தான் தெரிந்தது.