அப்பா திறந்த வால்வு

வெக்கை தாங்காத அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, அப்பாவின் பழைய காருக்கு ஏசி பூட்டப் போனேன். உள்ளே சூடான காற்றுதான் நிற்காமல் வந்தது.

"ஹீற்றர் வால்வு திறந்தபடி இறுகிக் கிடக்கு அண்ணை. எங்கடை ஊரிலை ஆர் ஹீற்றர் போட்டவை?" என்றார் மெக்கானிக்.

சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்த அன்று, சனத்துக்குள் ஊர்ந்த காரின் எஞ்சின் கொதித்தது. அந்தச் சூட்டைக் காருக்குள் இழுத்து இறக்க அப்பா ஹீற்றரைத் திறந்தார். காய்ச்சலோடு தங்கச்சி அம்மாவின் மடியில் கிடந்தாள்.

"ஹீற்றரை நிப்பாட்டுங்கோவன், பிள்ளை வேகுது."

"நிப்பாட்டினால் கார் நிண்டிடும். ஒருத்தரும் போய்ச் சேர மாட்டம்."

நாங்கள் சாவகச்சேரி போய்ச் சேர்ந்தோம். தங்கச்சி வழியிலேயே போய்விட்டாள். பிறகு அப்பா அந்தக் காரை எடுக்கவேயில்லை.

மெக்கானிக் வால்வைத் தட்டி மூடினார். அனல் நின்றது. பின் இருக்கையில் அம்மா, சேலைத் தலைப்பால் தன் வெறும் மடியை விசிறிக்கொண்டிருந்தார்.